அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்தில் பிலிப்பீன்ஸ் வம்சாவளிப் பிள்ளைகள்: நீங்கள் யாரையெல்லாம் பார்த்திருக்கிறீர்கள்?

அரைக்கோடு (இழையைத் தொடங்கியவர்)

டைலன் ஹார்ப்பர், அமெரிக்கத் தொழில்முறை லீக்கான என்பிஏவின் 2025 டிராஃப்டில் (அணிகள் புது ஆட்டக்காரர்களை வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் நிகழ்வு) இரண்டாவது ஆளாக சான் அன்டோனியோ ஸ்பர்ஸுக்குப் போன நாளிலிருந்து இதை எழுத வேண்டும் என்று நினைத்துக்கொண்டிருக்கிறேன். எங்கே படித்தாலும் "ரான் ஹார்ப்பரின் மகன்" என்றுதான் இருக்கிறது. அப்பா ஐந்து என்பிஏ பட்டம் வென்றவர், அப்படித்தான் எழுதுவார்கள். ஆனால் அந்தப் பையனைச் சின்ன வயதிலிருந்து பயிற்சி கொடுத்து வளர்த்தவர் அம்மா மரியா. பிலிப்பீன்ஸில் பத்தான் மாகாணத்தில் பிறந்து, ஏழு வயதில் அமெரிக்கா வந்து, நியூ ஆர்லியன்ஸ் பல்கலைக்கழகத்துக்காக, கல்லூரி ஆட்டத்தின் உச்ச நிலையான முதல் டிவிஷனில் ஆடியவர். நியூ ஜெர்சியில் டான் பாஸ்கோ பிரெப் பள்ளியில் மகன் ஆடும்போது அதே பெஞ்சில் துணைப் பயிற்சியாளராக உட்கார்ந்திருந்தார். கோடு தாண்டி வந்து கத்தும் அந்த அம்மாவின் வீடியோக்களைப் பார்த்தால் டைலன் ஏன் அவ்வளவு நிதானமாகப் பந்தைக் கொண்டுபோகிறார் என்று புரியும்.

அப்புறம் யோசித்தேன். ஜோர்டன் கிளார்க்சனுக்கு அம்மா வழி. ரெமி மார்ட்டினுக்கு அம்மா வழி. எரிக் ஸ்போல்ஸ்ட்ரா, எல்லாருக்கும் முன்னே வந்த ரேமண்ட் டவுன்சென்ட், இவர்களுக்கும் அம்மா வழிதான். கேப் நார்வுடும் உண்டு. இவர்கள் பெயரில் பிலிப்பீன்ஸ் தெரியாது, குடும்பப் பெயர் அப்பாவுடையது. அதனால்தான் பல வருடம் பார்த்த ரசிகர்களுக்கே தெரியாமல் போகிறது.

உங்களுக்குத் தெரிந்தவர்களை எழுதுங்கள். என்பிஏ போனவர்கள் மட்டும் வேண்டாம், கல்லூரி ஆட்டத்தோடு நின்றவர்களும் வேண்டும்.

பழைய_ரசிகர்

டவுன்சென்டைச் சொன்னதற்கு நன்றி தம்பி. அவரை யாரும் சொல்வதில்லை. அம்மா பாதங்காஸ் மாகாணத்துக்காரர், பையன் சான் ஹோசேயில் வளர்ந்தவர். 1975-இல் யூசிஎல்ஏ அணியில் முதலாம் ஆண்டு மாணவர். அந்த வருடம்தான் அவர்கள் பயிற்சியாளர் ஜான் வுடன் தன் பத்தாவது தேசியப் பட்டத்தை வென்று ஓய்வு பெற்றார், கென்டக்கியை 92-85 என்று. அந்த இறுதி ஆட்டம் நடந்த ஊர் சான் டியேகோ. அமெரிக்கக் கடற்படையில் சேர்ந்த பிலிப்பீன்ஸ்காரர்கள் குடும்பம் குடும்பமாகக் குடியேறிய ஊர் அது. அன்றைக்கு டவுன்சென்ட் பெஞ்சில் இருந்த சின்னப் பையன், ஆனாலும் அந்த ஊரில் அந்த அணியில் அவர் இருந்தார் என்பதே எனக்குப் பெரிய விஷயம். 1978-இல் கோல்டன் ஸ்டேட் அவரை 22-ஆவது ஆளாக எடுத்தது. என்பிஏவில் ஆடிய முதல் பிலிப்பீன்ஸ் அமெரிக்கர் அவர்தான்.

ஸ்போல்ஸ்ட்ராவைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். இன்றைக்கு மயாமி ஹீட் பயிற்சியாளராகத்தான் எல்லாருக்கும் தெரியும். 1988 முதல் 1992 வரை போர்ட்லண்ட் பல்கலைக்கழகத்தில் பாயிண்ட் கார்டாக (ஆட்டத்தை நடத்தும் இடம்) ஆடினார், அம்மா லகுனா மாகாணத்தில் சான் பாப்லோ ஊர்க்காரர். 1990 மார்ச் 4 அன்று லயோலா மேரிமவுண்ட் அணியின் ஹேங்க் கேதர்ஸ் ஆட்டத்துக்கு நடுவே சரிந்து விழுந்து இறந்தாரே, அன்று எதிரணியில் ஆடியது போர்ட்லண்ட். ஸ்போல்ஸ்ட்ரா அப்போது களத்தில் இருந்தார். பத்தொன்பது வயசுப் பையன் சில அடி தூரத்தில் அதைப் பார்த்திருக்கிறார். அவர் தன் ஆட்டக்காரர்களிடம் நடந்துகொள்வதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்த நாள் ஞாபகம் வரும்.

மூணுபுள்ளி

நான் கிஹெய் கிளார்க்கைச் சொல்வேன். வேறு யாரையும்விட அவரைத்தான்.

ஆறடிகூட இல்லை. கலிஃபோர்னியாவில் உட்லண்ட் ஹில்ஸ் பையன், பெரிய கல்லூரிகள் எதுவும் துரத்திக்கொண்டு வரவில்லை. 2018-இல் வர்ஜீனியாவுக்குப் போகிறார். அந்த அணி அப்போதுதான் கல்லூரிகளின் மார்ச் மாதத் தேசியப் போட்டியில் முதல் தரவரிசையில் இருந்துகொண்டு பதினாறாம் தரவரிசை அணியிடம் தோற்று நாடு முழுக்க அவமானப்பட்டிருந்தது. ஆண்கள் போட்டியில் அதற்கு முன் யாருக்கும் அப்படி நடந்ததில்லை. அடுத்த வருடம், 2019 மார்ச் 30, லூயிவில் நகரம், பர்டூவுக்கு எதிராகக் காலிறுதி. சில நொடிகள்தான் மிச்சம், வர்ஜீனியா மூன்று புள்ளி பின்னால். டை ஜெரோம் முதல் ஃப்ரீ த்ரோவைப் போட்டு இரண்டாவதைத் தவறவிடுகிறார், மமாடி டியாகிட்டே எம்பித் தட்டிய பந்து பின்னால் தங்கள் பாதிக்கே உருண்டு போகிறது. கிளார்க் ஓடிப்போய் அதை எடுக்கிறார். பக்கத்தில் ஜெரோம் கையைத் தூக்கிக்கொண்டு நிற்கிறார், எல்லாரும் அவருக்குத்தான் கொடுப்பார் என்று நினைத்தோம். கிளார்க் தலையைத் தூக்கிப் பார்த்து, மைதானத்தின் நீளத்தில் பாதிக்கு மேல் தாண்டி, நேராக டியாகிட்டேக்கு ஒரே வீச்சில் அனுப்புகிறார். மணி அடிக்கும்போது பந்து காற்றில். 70-70. கூடுதல் நேரத்தில் 80-75. ஒன்பது நாள் கழித்து மினியாபோலிஸில் பட்டம்.

முதலாம் ஆண்டு மாணவர்! அந்த நேரத்தில் பந்தைக் கையில் வைத்துக்கொண்டு யோசிக்கவே நமக்கு நேரம் இருக்காது.

இதோடு நிறுத்தலாம், ஆனால் மிச்சத்தையும் சொல்வதுதான் நியாயம். 2023 மார்ச் 16, ஆர்லாண்டோ, ஃபர்மனுக்கு எதிராக முதல் சுற்று. வர்ஜீனியா 67-65 முன்னிலை, சில நொடிகள்தான் பாக்கி. கிளார்க் இப்போது ஐந்தாம் ஆண்டு. மூலையில் இரண்டு பேர் மடக்கிவிட்டார்கள். பந்தைத் தூக்கி எறிந்தார், எதிரணிக்காரர் பிடித்து அனுப்ப, ஜேபி பெகீஸ் மூன்று புள்ளி போட்டுவிட்டார். 68-67. கல்லூரியில் அவருடைய கடைசி ஆட்டம். வர்ஜீனியா வரலாற்றிலேயே அதிக அசிஸ்ட் (கூட்டாளி புள்ளி போட உதவும் பாஸ்) கொடுத்தவர் அவர். இரண்டு எறிதலும் அவருடையதுதான். முதலாவதை மட்டும் காட்டும் வீடியோக்களை நான் பகிர்வதில்லை, இரண்டாவதை மட்டும் வைத்து அவரைத் திட்டியவர்களை இன்னும் மன்னிக்கவும் இல்லை.

கோர்ட்டோரம்

ஜேலன் க்ரீனை விட்டுவிட்டீர்களே? ஜானி ஜுஸாங்கும் பிலிப்பீன்ஸ்தானே, யூசிஎல்ஏவில் 2021-இல் கலக்கியவர்?

அரைக்கோடு

ஜுஸாங்கின் அம்மா வியட்நாம்காரர், பிலிப்பீன்ஸ் இல்லை. ஜேலன் க்ரீன் அம்மா வழியில் பிலிப்பீன்ஸ்தான், ஆனால் அவர் கல்லூரிக்கே போகவில்லை. பள்ளி முடித்து நேராக என்பிஏவின் துணை லீக்கான ஜி லீக்கில் இக்னைட் அணி, அப்புறம் 2021 டிராஃப்டில் இரண்டாவது ஆள். இந்த இழை கல்லூரி ஆட்டத்தைப் பற்றியது என்பதால் விட்டேன். டியூக்கில் ஒரு வருடம் ஆடிய ஜாரெட் மெக்கெய்னைச் சேர்த்துக்கொள்ளுங்கள். 2024 பிப்ரவரியில் ஃப்ளோரிடா ஸ்டேட்டுக்கு எதிராக 35 புள்ளி போட்டார்.

நேர்கோடு

எல்லாரும் கோபப்படாமல் கேளுங்கள், எனக்கு இதில் ஒரு நெருடல் இருக்கிறது. இந்தப் பிள்ளைகள் பிறந்தது, வளர்ந்தது, பயிற்சி எடுத்தது எல்லாம் அமெரிக்காவில். பாதி பேருக்கு பிலிப்பீன்ஸ் மொழியான தகாலோக் பேச வராது. ஒருவர் பிரபலமான பிறகு "நம்ம பையன்" என்று கொடியைப் போர்த்துவது சரியா? மணிலா தெருவில் ரப்பர் செருப்போடு, பலகையில் ஆணி அடித்த வளையத்தில் பந்து போட்டுப் பழகிய பையனின் இடத்தைத்தானே இது எடுத்துக்கொள்கிறது? ஒரு நாட்டுக்காக உள்ளூர்க்காரராக ஆட, பதினாறு வயதுக்கு முன் அந்த நாட்டுப் பாஸ்போர்ட் வாங்கியிருக்க வேண்டும் என்ற ஃபிபா (உலகக் கூடைப்பந்துச் சம்மேளனம்) விதி இதற்காகத்தான் இருக்கிறது. பணக்கார நாடு எதுவும் வளர்ந்த ஆட்டக்காரரை விலைக்கு வாங்கி சட்டை மாட்டிவிடக் கூடாது.

அங்கேயே இந்தக் காயம் உண்டு. 1990-களின் கடைசியிலும் 2000-களின் தொடக்கத்திலும் பொய் ஆவணம் காட்டி "பிலிப்பீன்ஸ் வம்சாவளி" என்று அந்த நாட்டுத் தொழில்முறை லீக்கான பிபிஏவில் சேர்ந்தவர்களைப் பற்றி செனட் வரைக்கும் விசாரணை போனது. "ஃபில்-ஷாம்" (போலி பிலிப்பீன்ஸ்காரர்) என்று மக்களே பெயர் வைத்தார்கள். அதை மறந்துவிட்டுப் பேச முடியாது.

கயல்

நேர்கோடு, விதியின் நோக்கம் சரி. அது யாரைத் தடுக்கிறது என்று பாருங்கள்.

பிலிப்பீன்ஸ் குடியுரிமை பிறந்த மண்ணை வைத்து வருவதில்லை, ரத்த உறவை வைத்து வருகிறது. 1987 அரசியல் சட்டப்படி அப்பா அல்லது அம்மா யாராவது ஒருவர் குடிமகனாக இருந்தால் பிள்ளையும் குடிமகன். ஆனால் பழைய 1935 சட்டத்தில் அப்பாதான் கணக்கு. 1973 ஜனவரி 17-க்கு முன்னால் பிலிப்பீன்ஸ் அம்மாவுக்கும் வெளிநாட்டு அப்பாவுக்கும் பிறந்த பிள்ளை, வயதுக்கு வந்ததும் தானே எழுதிக் கொடுத்தால்தான் குடிமகன். அதாவது டவுன்சென்ட் காலத்தில் அம்மாவின் ரத்தம் சட்டத்தின் முன் பாதி ரத்தம். நாடே அதைத் திருத்திக்கொண்டது. இப்போது ஃபிபா அதே அம்மாவிடம் வந்து, பையனுக்கு பதினாறு ஆவதற்குள் தூதரகத்துக்குப் போய் ஏன் காகிதம் வாங்கவில்லை என்று கேட்கிறது. டெக்ஸாஸிலோ ஜெர்சியிலோ வேலைக்கும் வீட்டுக்கும் ஓடிக்கொண்டிருக்கும் அம்மா, பன்னிரண்டு வயசுப் பையன் ஒரு நாள் தேசிய அணிக்கு ஆடுவான் என்று எப்படித் தெரிந்து பாஸ்போர்ட் எடுப்பார்?

கிளார்க்சனைப் பாருங்கள். சான் அன்டோனியோவில் வளர்ந்தவர், டல்சாவில் இரண்டு வருடம், அப்புறம் மிசூரிக்கு மாறினார். அந்தக் கால விதிப்படி மாறியதற்காக 2012-13 முழுக்க ஆடாமல் உட்கார்ந்தார். 2014 டிராஃப்டில் 46-ஆவது ஆள், யாரும் பெரிதாக எதிர்பார்க்கவில்லை, அடுத்த வருடமே புதுமுகங்களின் முதல் அணியில் இடம், 2021-இல் சிறந்த ஆறாவது ஆட்டக்காரர் (பெஞ்சிலிருந்து இறங்குபவர்) விருது. இவ்வளவு வந்தவர் ஃபிபா கணக்கில் "குடியுரிமை பெற்ற வெளிநாட்டுக்காரர்", அணிக்கு ஒருவர் மட்டுமே அனுமதி. அந்த ஒரே இடத்தைத்தான் அவரும் ஜஸ்டின் பிரவுன்லீயும் மாற்றி மாற்றிப் பங்கு போட வேண்டும். பிரவுன்லீ மீது எனக்கு மிகுந்த மரியாதை, 2023 ஹாங்சோ ஆசியப் போட்டியில் 61 வருடத்துக்குப் பிறகு தங்கம் வாங்கித் தந்தவர், ஆனால் அவருக்கு ரத்தத் தொடர்பு கிடையாது, தனிச் சட்டம் போட்டுக் குடியுரிமை கொடுத்தார்கள். இருவரையும் ஒரே பெட்டியில் போடுவது எனக்கு ஏற்கவே முடியவில்லை.

"பிரபலமானதும் கொடி போர்த்துவது" என்றீர்கள். 2018 ஆசியப் போட்டிக்கு முதலில் என்பிஏ கிளார்க்சனை விட மறுத்தது. பிறகு ஒரு முறைக்கு மட்டும் என்று விட்டார்கள். ஓடி வந்தார். சீனாவிடம் 82-80 என்று தோற்ற ஆட்டத்தில் 28 புள்ளி. 2023 உலகக் கோப்பையில் முதல் நான்கு ஆட்டமும் தோல்வி, கடைசி ஆட்டத்தில் அதே சீனா, 34 புள்ளி, 96-75. அணிந்திருந்த சட்டைக்காக அவர் ஆடியதைப் பார்த்தவர்கள் யாரும் அவர் தகாலோக் பேசுவாரா என்று கேட்கவில்லை.

நேர்கோடு

1935 சட்டம் எனக்குத் தெரியாது. அந்தப் பகுதியை ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் தெருவில் பழகும் பையனின் இடம் பற்றிய என் கேள்வி நிற்கிறது. அந்த 2023 அணியில் பன்னிரண்டு பேரில் எத்தனை பேர் அமெரிக்கக் கல்லூரி வழியாக வந்தார்கள்?

கயல்

எண்ணிப் பார்த்தேன். கிளார்க்சன் மிசூரி, ஏஜே எடு டொலீடோ, டுவைட் ராமோஸ் கால் பாலி பொமோனா, ஜேமி மலோன்சோ போர்ட்லண்ட் ஸ்டேட், ஜாபெத் அகிலார் வெஸ்டர்ன் கென்டக்கி. குறைந்தது ஐந்து பேர். இதில் ஜாபெத் பிலிப்பீன்ஸிலேயே வளர்ந்தவர், மணிலாவின் அட்டேனியோ பல்கலைக்கழகத்தில் ஆடிவிட்டு அமெரிக்கா போய் வந்தவர். ராமோஸும் மலோன்சோவும் அமெரிக்காவில் வளர்ந்து பிறகு மணிலா கல்லூரிகளுக்கு வந்தவர்கள். அதனால் அந்தக் கோடு நீங்கள் நினைக்கிற மாதிரி நேராக இல்லை, இரண்டு பக்கமும் ஆள் போகிறார்கள். உங்கள் கேள்வி முக்கியமானதுதான், உள்ளூர்ப் பிள்ளைகளுக்கு உயரமும் சாப்பாடும் பயிற்சியும் கிடைப்பதில்லை என்பது உண்மை. அதற்கான பதிலை மணிலாவில்தான் தேட வேண்டும்.

ஜெர்சி_அம்மா

நான் இந்தக் குழுவில் எழுதுவது குறைவு. ஆனால் இங்கே அம்மாக்களைப் பற்றிப் பேசுவதால் எழுதுகிறேன்.

நாங்கள் இருப்பது பெர்கன் கவுண்டி. பக்கத்து ஊர் பெர்கன்ஃபீல்டில் பிலிப்பீன்ஸ் குடும்பங்கள் நிறைய. என் மகளின் அணியில் மூன்று பிலிப்பீன்ஸ் பிள்ளைகள், மூவருக்கும் அப்பா அம்மா இருவருமே பிலிப்பீன்ஸ். இரண்டு அம்மாக்கள் இரவு ஷிஃப்ட் நர்ஸ். காலையில் வேலை முடிந்து யூனிஃபார்மோடு நேராக ஜிம்முக்கு வருவார்கள், சாப்பாட்டுப் பெட்டியில் பன்சித் (பிலிப்பீன்ஸ் நூடுல்ஸ்) இருக்கும், எல்லாப் பிள்ளைகளுக்கும் சேர்த்துக் கொண்டுவருவார்கள். போன வருடம் ஒரு பெரிய கிளப்பில் தேர்வுக்குப் போனோம், பெயர் வேண்டாம். அந்தப் பெண் ஆடியதை ஐந்து நிமிடம்கூடப் பார்க்கவில்லை, அம்மாவின் உயரம் என்ன, அப்பாவின் உயரம் என்ன என்று கேட்டுவிட்டு அனுப்பிவிட்டார்கள். காரில் அந்தப் பிள்ளை ஒரு வார்த்தை பேசவில்லை. அதை நான் மறக்க மாட்டேன்.

அதனால் எனக்குக் கெய்லா பாடியாவின் கதை ரொம்பப் பிடிக்கும். டாரன்ஸ் ஊர்ப் பெண், அப்பா அம்மா இருவரும் பிலிப்பீன்ஸ். பென் பல்கலைக்கழகத்தில் 2020-இல் ஐவி லீக்கின் சிறந்த புதுமுகம். அடுத்த வருடம் கொரோனாவால் ஐவி லீக் முழுப் பருவத்தையும் ரத்து செய்துவிட்டது, திரும்பி வந்து ஆடி, பட்டம் முடித்து, 2023-24-இல் யூஎஸ்சிக்குப் போய் ஜுஜு வாட்கின்ஸோடு ஆடினார். பேக்-12 வட்டாரப் பட்டம், தேசியப் போட்டியில் காலிறுதி வரை. டியூக்கில் ஆடிய வனெஸா டி ஹெசுஸ், ஃபேர்லி டிக்கின்சனில் ஆடிய எல்லா ஃபஹார்டோ இருவரும் பிலிப்பீன்ஸ் தேசிய அணிக்கும் ஆடியவர்கள். ஃபஹார்டோ எங்கள் பெர்கன்ஃபீல்டுப் பெண். என் மகளின் தோழிகளுக்கு அவர் பெயர் சொன்னால் போதும், முகம் மாறும். ஆண்கள் பட்டியல் மட்டும் போட்டுக்கொண்டிருக்காதீர்கள், தயவுசெய்து.

அரைக்கோடு

அக்கா, நீங்கள் சொன்னது சரி. முதல் பதிவிலேயே நான் எழுதியிருக்க வேண்டும். மரியா ஹார்ப்பரே கல்லூரி ஆட்டக்காரர்தானே, அவரை "அம்மா" என்று மட்டும் அறிமுகப்படுத்தியது என் தவறு.

மூணுபுள்ளி

உயரம் என்றதும் ஜேசன் பிரிக்மன். சான் அன்டோனியோ பையன், புரூக்ளினில் எல்ஐயு என்ற சின்னக் கல்லூரி. 2014-இல் முடிக்கும்போது 1,009 அசிஸ்ட். முதல் டிவிஷன் வரலாற்றில் ஆயிரத்தைத் தொட்ட நான்காவது ஆள் அவர், மற்ற மூவர் பாபி ஹர்லி, கிறிஸ் கோர்சியானி, எட் கோட்டா. அவர்கள் ஆடியது டியூக், நார்த் கரோலினா ஸ்டேட், நார்த் கரோலினா. பக்கத்தில் எல்ஐயு! என்பிஏ எடுக்கவில்லை. ஆசிய லீக்குகளில் ஆடினார்.

பழைய_ரசிகர்

கேப் நார்வுடைப் பெயரோடு விட்டுவிட்டீர்கள். 2006-இல் பதினோராம் தரவரிசையில் இருந்த ஜார்ஜ் மேசன் கல்லூரி தேசியப் போட்டியில் அரையிறுதிக்குப் போனதே, யூகானை (கனெக்டிகட் பல்கலைக்கழகம்) கூடுதல் நேரத்தில் 86-84 என்று வீழ்த்தி? அந்த அணியில் இருந்தார். பிறகு 2008 பிபிஏ டிராஃப்டில் முதல் ஆள், தேசிய அணியில் பல வருடம், 2014 உலகக் கோப்பையில் அர்ஜென்டினாவின் லூயிஸ் ஸ்கோலா தலைக்கு மேல் டங்க். நேர்கோடு தம்பி கேட்ட கேள்விக்கு எனக்குத் தெரிந்த நல்ல பதில் இவர்தான். வந்தார், தங்கினார், அங்கேயே வாழ்க்கையைப் போட்டார்.

கோர்ட்டோரம்

இப்போது எதிர்த்திசையிலும் நடக்கிறது. குவென்டின் மில்லோரா-பிரவுன் ரைஸ், வாண்டர்பில்ட், சிட்டடெல் என்று மூன்று கல்லூரியில் ஆடிவிட்டு மணிலாவில் யூபி (பிலிப்பீன்ஸ் பல்கலைக்கழகம்) அணிக்குப் போய் 2024-இல் அங்குள்ள கல்லூரி லீக்கான யூஏஏபியின் பட்டம் வென்றார். இன்னொரு பக்கம், 2021 ஜூலையிலிருந்து அமெரிக்கக் கல்லூரிப் பிள்ளைகள் தங்கள் பெயரை வைத்து விளம்பரப் பணம் வாங்கலாம். மாறினால் ஒரு வருடம் உட்கார வேண்டியதும் இல்லை. கிளார்க்சன் 2012-இல் பட்டது 2021-இல் ரெமி மார்ட்டினுக்கு இல்லை.

அரைக்கோடு

ரெமி மார்ட்டினைத்தான் கடைசியாக வைத்திருந்தேன். அரிசோனா ஸ்டேட்டில் நான்கு வருடம், பின் வருடங்களில் அவர்தான் எல்லாம், பந்து அவர் கையில், அணி அவர் பெயரில். 2021-இல் கான்சாஸுக்கு மாறுகிறார். அங்கே முழங்காலில் அடி, வாரக்கணக்கில் வெளியே, திரும்பி வந்தபோது பெஞ்சிலிருந்து இறங்கும் ஆள். பலர் கதை முடிந்தது என்றார்கள். மார்ச்சில் தேசியப் போட்டியின் மண்டலச் சுற்றில் சிறந்த ஆட்டக்காரர் அவர்தான். 2022 ஏப்ரல் 4, நியூ ஆர்லியன்ஸ், இறுதி ஆட்டம், நார்த் கரோலினா இடைவேளையில் 40-25 முன்னிலை. அதை கான்சாஸ் திருப்பி 72-69 என்று வென்றது, ரெமிக்கு 14 புள்ளி, முக்கியமான மூன்று புள்ளி எறிதல்கள் இரண்டாம் பாதியில். மரியா ஹார்ப்பர் கல்லூரி ஆட்டம் ஆடியதும் அதே ஊரில்தான்.

ஹார்ப்பர் வீட்டின் மூத்த மகனையும் சொல்லிவிடுகிறேன். 2021 டிசம்பர் 9, அவர் ஆடிய ரட்கர்ஸ் பல்கலைக்கழகம். பர்டூ தன் வரலாற்றிலேயே முதல் முறையாக நாட்டின் முதல் இடத்தில் இருந்த வாரம். 68-67 என்று பர்டூ முன்னிலை, மூன்று நொடி சொச்சம். ரான் ஹார்ப்பர் ஜூனியர் பந்தை வாங்கி, இரண்டு தட்டு தட்டி, நடுக்கோட்டருகிலிருந்து எறிந்தார். 70-68. ரட்கர்ஸ் முதல் இடத்து அணியை வென்றது அதுதான் முதல் முறை. அன்று அவருக்கு 30 புள்ளி.

ஜெர்சி அக்கா, உங்கள் மகளின் தோழிக்கு அந்த வீடியோவைக் காட்டுங்கள். அடுத்த தேர்வு எப்போது என்றும் இங்கே எழுதுங்கள், பக்கத்தில் இருப்பவர்கள் கைதட்ட வருவோம்.

ஜெர்சி_அம்மா

இந்த முறை வேறு கிளப், சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு. அந்த அம்மா இரவு ஷிஃப்ட் முடித்து வரக் கொஞ்சம் தாமதமாகும், அதனால் நான்தான் பிள்ளைகளைக் கூட்டிப் போகிறேன். விவரம் தனிச் செய்தியில் தருகிறேன்.